ஆங்காரம் என்று பதினோரு தாளில் எழுதினேன்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். அதிலும் கணக்கில் இரண்டாவது தடவைதான் தேறினேன். நாலு பேர் இருக்கிற இடத்தில் என் வாயிலிருந்து வார்த்தை வராது. பஸ்ஸில் என் ஊர் வந்தால்கூட நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வெயிலில் நடந்து வந்திருக்கிறேன். அப்படிப்பட்டவள் ஒரு சொல்லுக்கு அர்த்தம் சொல்ல உட்கார்ந்திருப்பது அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்கே தெரிகிறது. தெரிந்துதான் எழுதுகிறேன். அந்தச் சொல்லைப் பற்றிப் படித்தவர்கள் எழுதி வைத்திருப்பது பாதிதான். மீதியை யாராவது எழுத வேண்டும், வேறு யாரும் எழுதுகிற மாதிரி தெரியவில்லை.

ஆங்காரம் என்பது அந்தச் சொல்.

இதைப் பார்த்ததும் படித்தவர்கள் அகங்காரம் என்று படித்துக்கொள்கிறார்கள். செருக்கு, கர்வம், தான் என்கிற நினைப்பு. கைபேசியில் தட்டிப் பார்த்தால் அதைத்தான் காட்டுகிறது. நானும் தட்டிப் பார்த்தேன். இரண்டும் ஒரே வீட்டில் பிறந்த சொற்களாக இருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒன்று எங்கள் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்து, இங்குள்ள தண்ணீரைக் குடித்து, வேறு ஆளாகிவிட்டது. பிறந்த வீட்டுப் பெயரைச் சொல்லி இன்னும் அதைக் கூப்பிடுவது நியாயமில்லை.

மலையடிவாரத்து லோயர் கேம்பில் அணைத்தண்ணீர் திறந்து ஆறு நிறைந்து வருகிற நாளில், "தண்ணி ஆங்காரமா வருது, துவைக்கப் போகாதீக" என்று தெருவில் சொல்லிக்கொண்டு போவார்கள். தண்ணீருக்கு ஏது செருக்கு? காய்ந்த தென்னம்பாளையை அடுப்பில் வைத்தால் ஆங்காரமாகப் பிடிக்கும். பங்குனி வெயில் ஆங்காரமாக அடிக்கும். திருவிழாவில் சாமி இறங்கினவள் மேல் மஞ்சள் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றுவார்கள், ஆத்தா ஆங்காரமாக இருக்கிறாள் என்று. யாரும் ஆத்தாவைக் கர்வம் பிடித்தவள் என்று சொல்லவில்லை. இருக்கிற பலத்தில் கொஞ்சமும் மிச்சம் வைக்காமல் ஒரே பக்கமாகத் திருப்பி விடுவது. எனக்குத் தெரிந்த அர்த்தம் அது.

உண்மையை மறைக்கக் கூடாது. இதே சொல்லை வசவாகவும் சொல்வார்கள். ஆண்பிள்ளை ஒரு காரியத்தில் விடாமல் நின்றால் அதை வைராக்கியம் என்பார்கள். அதே காரியத்தில் பொம்பளை நின்றால் ஆங்காரி. என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் என் அப்பா, "எங்க பிள்ளைக்கு ஆங்காரம்கிறதே கிடையாது" என்று சொல்லித்தான் கட்டிக் கொடுத்தார். அன்றைக்கு எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. பிறகு பல வருஷம் கழித்து, ஒருநாள் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தபோது நினைத்துப் பார்த்தேன். அடுப்புக்கு இருக்கிறது, ஆற்றுக்கு இருக்கிறது, எனக்கு மட்டும் இல்லை என்று சொல்லிக் கட்டிக் கொடுத்திருக்கிறார்.

எனக்கு இல்லாதது அவ்வளவும் என் மதினிக்கு இருந்தது. மதினி என்றால் என் அண்ணன் மனைவி. அண்ணன் மலைக்கு மேலே ஏலத் தோட்டத்தில் வேலை பார்க்கிறது, வாரம் ஒருமுறை இறங்கி வரும். எனக்குப் பிறந்த வீடும் வாழ்க்கைப்பட்ட வீடும் ஒரே ஊரில், சுருளிப்பட்டிக்குப் பக்கம். அதனால் மதினி வந்த நாளிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. எங்கள் வயலுக்கு முறைத்தண்ணீர் வர வேண்டிய அன்று மேல்வயல்காரர் மடையை அடைத்துவிட்டார். அப்பா அவரிடம் சொல்லத் தயங்கிக்கொண்டு வரப்பிலேயே நின்றார். மதினி புதுச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மண்வெட்டியை எடுத்துப் போய் மடையை வெட்டிவிட்டார். மேல்வயல்காரர் ஓடி வந்து கத்தினார். மதினி, தண்ணீர் எங்கள் வயலின் கடைசி மூலையைத் தொடுகிற வரைக்கும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு மடை மேலேயே நின்றார். மத்தியானம் சாப்பிடக்கூட வரவில்லை. அன்று சாயந்தரம் ஊர் முழுக்க அந்தப் பெயர் பரவிவிட்டது. ஆங்காரி.

மதினி அதைக் கேட்டுவிட்டு, "பேரு வச்சாகளே, அரைஞாண் கயிறு யாரு வாங்கித் தருவாக?" என்று கேட்டார். அவ்வளவுதான். அதற்கு மேல் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

இப்போது நாங்கள் இருவரும் ஒரு கம்பெனியின் திராட்சைத் தோட்டத்தில் பழம் வெட்டுகிறோம். வெளியூர்க் கம்பெனி. எங்கள் பக்கத்தில் பல தோட்டங்களைக் குத்தகைக்கு எடுத்து, ஒரு பெரிய ஷெட்டும் குளிர் ரூமும் கட்டியிருக்கிறார்கள். எங்கள் குழுவில் மதினியோடு சேர்த்துப் பன்னிரண்டு பெண்கள்.

திராட்சை வெட்டுவதை வெளியே இருந்து பார்க்கிறவர்கள் நிழலில் வேலை என்பார்கள். நிழல்தான். ஆனால் கொடி தலைக்கு மேலே பந்தலில் படர்ந்திருக்கும், கொத்து கீழே தொங்கும். காலையிலிருந்து சாயந்தரம் வரைக்கும் கையைத் தூக்கியே வைத்திருக்க வேண்டும். இடது கை கொத்தைத் தாங்க, வலது கை கத்தரிக்கோலைப் பிடிக்க, முகத்தை மேலே தூக்கிப் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும். சாயந்தரம் வீட்டுக்குப் போய்ச் சோற்றுப் பானையைப் பரணிலிருந்து எடுக்கச் சொன்னால் அழுகை வரும்.

மதினி இருபது வருஷத்துக்கு மேலாக இந்த வேலை பார்க்கிறார். வலது தோள் போய்விட்டது. கம்பத்தில் டாக்டரிடம் காட்டியதற்கு, இனி கையைத் தோளுக்கு மேலே தூக்கவே கூடாது, தூக்கினால் மொத்தமாக இறுகிப்போகும் என்றார். இது எனக்கும் அண்ணனுக்கும் மட்டும்தான் தெரியும். குழுவில் யாருக்கும் சொல்லக் கூடாது என்று மதினி என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். தெரிந்தால் பரிதாபப்பட்டுத் தன் வரிசையையும் சேர்த்து வெட்டிக் கொடுப்பார்கள், அது தனக்கு வேண்டாம் என்றார். வலது கையில் பிடிக்க வேண்டிய கத்தரிக்கோலை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வெட்டினார். யாராவது கேட்டால், "ரெண்டு கையும் என்னுதுதானே" என்பார்.

அப்போதுதான் கம்பெனியில் ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பெண்ணை சூப்பர்வைசராகப் போடப் போவதாகச் சொன்னார்கள். சூப்பர்வைசருக்குக் கத்தரிக்கோல் கிடையாது. எந்த வரிசை வெட்டுவது என்று சொல்ல வேண்டும், அழுகல் பழம் பெட்டிக்குள் போகாமல் பார்க்க வேண்டும், நோட்டுப் போட வேண்டும். கை கீழேயே இருக்கும். எங்கள் குழுவுக்கு மதினி பெயரைத்தான் எடுத்திருந்தார்கள். கிடைத்தால் தோள் தப்பிக்கும். கிடைக்காவிட்டால் இந்தப் பருவத்தோடு மதினி வேலையை விட வேண்டியதுதான். வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிற மதினியை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

மதினி பெயரை எடுத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. போன ஐப்பசியில் ஒருநாள் காலை மேகமலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. பழுத்த திராட்சை மேல் மழை விழுந்தால் தோல் வெடித்துவிடும், பிறகு அதை யாரும் வாங்க மாட்டார்கள். கிழக்குப் பந்தல் முழுக்கப் பழம் தொங்கியது. இரண்டு நாள் வேலை. மத்தியானத்துக்குள் மழை வந்துவிடும் என்று தெரிந்தது. மற்ற தோட்டத்துக்காரர்கள் வெட்டினது போதும் என்று கிளம்பிவிட்டார்கள். மதினி யாரையும் பார்த்துக் கத்தவில்லை, அதட்டவில்லை. முந்தானையைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு முதல் வரிசையில் இறங்கினார். அவர் கை போகிற வேகத்தைப் பார்த்துவிட்டு எங்களால் சும்மா நிற்க முடியவில்லை. தண்ணீர் குடிக்கக்கூட யாரும் நகரவில்லை. கடைசிப் பெட்டி ஷெட்டுக்குள் போகவும் முதல் துளி விழவும் சரியாக இருந்தது. அன்று மதினி வெட்டியது முழுக்க வலது கையால். தோள் அதோடு தீர்ந்தது.

நனைந்துகொண்டே வீடு திரும்பும்போது எங்கள் குழுவில் மூத்த பெரியம்மா ஒருவர், "இன்னைக்கு இவளுக்கு ஆத்தாளுக்கு வர்ற ஆங்காரமில்ல வந்துருச்சு" என்றார். எல்லாரும் சிரித்தோம். மதினியும் சிரித்தார். அந்தச் சொல் வசவாக இருந்ததெல்லாம் அன்றோடு எங்கள் பன்னிரண்டு பேருக்கும் முடிந்துவிட்டது.

இப்போது தாள் விஷயத்துக்கு வருகிறேன்.

கம்பெனியில் எதையும் எழுதி வாங்காமல் செய்ய மாட்டார்கள். ஆளுக்கொரு தாள் கொடுத்து, மதினியைப் பற்றி உங்கள் கருத்தை எழுதுங்கள், உங்கள் பெயரைப் போட வேண்டாம் என்றார்கள். எங்கள் குழுவில் பாதிப் பேருக்கு எழுத வராது. எழுத வருகிறவர்களும், என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று என்னிடமே கொடுத்துவிட்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் பந்தலுக்கு அடியில் உட்கார்ந்து, ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். மதினி அன்று ஊசி போடக் கம்பம் போயிருந்தார்.

பெரியம்மா, "வேலைன்னு வந்துட்டா அவளுக்கு ஆங்காரம் வந்துரும்னு போடு" என்றார். அதற்கடுத்தவள், நானும் அதைத்தான் சொல்ல நினைத்தேன், எனக்கும் அதையே போடு என்றாள். இன்னொருத்தி, அவரைப்போல ஆங்காரமான பொம்பளையை நான் பார்த்ததில்லை என்று எழுதச் சொன்னாள். எங்களில் சின்னவள், இரண்டு ஆங்காரம் போடக்கா, ஒன்று பத்தாது என்று கேட்டாள். நான் இரண்டு போட்டேன். கடைசியில் என் தாளும் இருந்தது. யாரும் சொல்லித் தராமல் நானே எழுத வேண்டிய தாள். எனக்கும் வேறு சொல் கிடைக்கவில்லை.

பதினோரு தாளையும் அடுக்கி ஷெட்டில் கொடுத்துவிட்டு வந்தேன். அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். நல்ல காரியம் செய்துவிட்ட மாதிரி இருந்தது.

நாலாம் நாள் மேனேஜர் மதினியைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். மேனேஜர் கோயம்புத்தூர்ப் பக்கம். சின்ன வயசு, மரியாதையான பையன், எங்களை அம்மா என்றுதான் கூப்பிடுவார். உங்களை சூப்பர்வைசராகப் போட முடியவில்லை, உங்கள் குழுவில் ஒருத்தர் பாக்கியில்லாமல் உங்கள் குணத்தைப் பற்றிக் குறை எழுதியிருக்கிறார்கள், மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றாராம். என்ன குறை என்று அவரும் சொல்லவில்லை, மதினியும் கேட்கவில்லை.

பந்தலுக்குத் திரும்பி வந்த மதினி தன் வரிசையில் நின்று வெட்ட ஆரம்பித்தார். இடது கையால். சாப்பாட்டு நேரத்தில் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு தனியாகப் போய்க் கல்தூணில் சாய்ந்து உட்கார்ந்தார். சின்னவள் போய் ஊறுகாய் நீட்டினாள். "வேண்டாந்தாயி, எங்கிட்ட இருக்கு" என்று மரியாதையாகச் சொன்னார். அந்த மரியாதைதான் எங்கள் எல்லாருக்கும் பயமாக இருந்தது. மதினி எங்களைத் திட்டாமல் இருந்ததே இல்லை.

சாயந்தரம் வீட்டுக்கு வரும் வழியில் வாய்க்கால் பாலத்தில் என்னை நிறுத்திக் கேட்டார்.

"ஏத்தா, பதினோரு பேருமா?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மேனேஜர் சொன்னதை அப்போதுதான் சொன்னார்.

"பெரியம்மாவுமா? அது சரி, நீயுமாத்தா?"

குறை எதுவும் யாரும் சொல்லவில்லை, எல்லாருடைய தாளையும் நான்தான் எழுதினேன், எல்லாரும் நல்லதாகத்தான் சொன்னார்கள் என்றேன். என்ன சொன்னார்கள் என்று கேட்டார். ஒவ்வொன்றாகச் சொன்னேன். வாய்விட்டுச் சொல்லும்போதுதான் எனக்கு உறைத்தது. தாளில் எழுதினால் அது எப்படித் தெரியும் என்று. வெளியூர்க்காரர் கண்ணுக்குப் பதினோரு பேரும் ஒரே குரலில், இந்தப் பொம்பளை ஆணவக்காரி என்று எழுதிக் கொடுத்த மாதிரி. அதிலும் ஒருத்தி இரண்டு தடவை. நான் பாலத்துச் சுவரில் உட்கார்ந்துவிட்டேன். மதினி பிழைப்பை என் முத்தான கையெழுத்து கெடுத்துவிட்டது.

மதினி இன்னும் புரியாமல் நின்றார்.

"நல்லாத்தானே சொல்லியிருக்காக. அதுல என்ன தப்பு?"

"அவுக ஊர்ல அதுக்குத் திமிருன்னு அர்த்தம் மதினி."

மதினி சிரிக்க ஆரம்பித்தார். தோள் வலித்ததால் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் போய் மேனேஜரிடம் சொல்கிறேன் என்றேன். சொன்ன பிறகுதான் சொன்னது நானா என்று பயம் வந்தது.

"நீ பேசுவியா?" என்றார் மதினி. கேலியாகக் கேட்கவில்லை.

தெரியாது, போகிறேன் என்றேன்.

"போ. ஆனா கையப் பத்தி வாயத் தொறக்கக் கூடாது. முடியாதவளுக்குப் பாவம் பார்த்துக் கொடுத்தாகன்னு ஆகிறக் கூடாது. நான் அந்த வேலைக்கு லாயக்குன்னா கொடுக்கட்டும். இல்லைன்னா இந்தக் கத்தரிக்கோலை அங்கன வச்சுட்டு வாரேன்."

இதுதான் என் கஷ்டம். தோளைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் மேனேஜர் உடனே இரங்கிவிடுவார், அவர் அப்படிப்பட்டவர். அதைச் சொல்லக் கூடாது. எனக்கு மிச்சம் இருந்தது அந்த ஒரு சொல் மட்டும்தான்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் ஷெட்டுக்குப் போனேன். ஆபீஸ் ரூம் கதவுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றேன். உள்ளே இருந்து குளிர் வந்துகொண்டிருந்தது, எனக்கு வேர்த்தது. என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். அவர் நிமிர்ந்து என்னம்மா என்று கேட்டதும் எல்லாம் போய்விட்டது. "சார், அந்தத் தாளு" என்று மட்டும் வந்தது.

அவர் எடுத்து மேஜையில் வைத்தார். பதினொன்றும் என் கையெழுத்தில் இருந்தன. இதையெல்லாம் எழுதினது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். அவர் முகம் மாறியது. எல்லாம் ஒரே கையெழுத்தில் இருப்பதைப் பார்த்தபோதே, யாரோ ஒருத்தர் எல்லாரையும் தூண்டிவிட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன், அது நீங்கள் என்று நினைக்கவில்லை என்றார். மதினி எனக்குச் சொந்தம் இல்லையா என்றும் கேட்டார்.

அது குறை இல்லை, அது நல்ல சொல் என்றேன். அவர் நம்பவில்லை. கைபேசியில் தட்டி என் பக்கம் திருப்பிக் காட்டினார். செருக்கு என்று இருந்தது.

எங்கள் ஊரில் அப்படி இல்லை என்றேன். வேறு எப்படி என்று கேட்டார். எனக்குச் சொல்ல வரவில்லை. கையை முஷ்டியாக்கிக் காட்டினேன். அது இன்னும் மோசமாகிவிட்டது.

அவர் நல்ல மனுஷர். என் அவஸ்தையைப் பார்த்துவிட்டு அவரே வழி சொன்னார். பட்டியலை அவர் இன்னும் மேலே அனுப்பவில்லை, நாளைக் காலையில்தான் பெயர்கள் முடிவாகும். மதினியைப் பற்றி அவருக்கும் நல்ல அபிப்பிராயம்தான், மழை நாளில் அவர் செய்ததை மேலே இருப்பவர்களும் கேள்விப்பட்டிருக்கிறார்கள். ஆனால் இந்தத் தாள்களை அவர்களுக்கு அனுப்ப வேண்டும், அவர்கள் படித்தால் நிச்சயம் வேண்டாம் என்பார்கள். அதனால் புதிதாகப் பதினோரு தாள் தருகிறேன், அந்தச் சொல்லை எடுத்துவிட்டு ஈடுபாடு என்று எழுதுங்கள், ஆர்வம் என்று எழுதுங்கள், பழையதைக் கிழித்துப் போட்டுவிடலாம் என்றார். புதுத் தாளையும் பேனாவையும் என் பக்கம் தள்ளி வைத்தார்.

இதற்குத்தான் வந்தேன் என்று நினைத்தேன். பேனாவைத் திறந்தேன். முதல் தாள் பெரியம்மாவுடையது. வேலை என்று வந்துவிட்டால் அவருக்கு ஈடுபாடு வந்துவிடும். எழுதாமலேயே மனசுக்குள் படித்துப் பார்த்தேன். கோயிலுக்கு நன்கொடை கொடுக்கிறவரைப் பற்றி மேடையில் பேசுகிற மாதிரி இருந்தது. ஐப்பசி மழைக்கு முன்னால் கிழக்குப் பந்தலில் நடந்தது ஈடுபாடு இல்லை. ஆர்வமும் இல்லை. ஆர்வமாக இருக்கிறவர்கள் தோளை இழக்க மாட்டார்கள்.

இன்னொன்றும் தோன்றியது. இந்தச் சொல்லை மாற்றினால் அது தப்பான சொல் என்று நானே கையெழுத்துப் போட்ட மாதிரி. பத்துப் பேர் என்னை நம்பித் தங்கள் வாய்வார்த்தையைக் கொடுத்திருக்கிறார்கள். அதைத் திருத்த நான் யார்? மடையை வெட்டின அன்றிலிருந்து மதினியை ஊரே இந்தச் சொல்லால்தான் வைதது. அவர் அதைச் சுமந்து சுமந்து, கடைசியில் பதினோரு பேர் வாயில் அதை நல்ல சொல்லாக ஆக்கிவிட்டார். இப்போது போய் அதைக் கிழிப்பதா?

மாற்றினால் வேலை நிச்சயம். மாற்றாவிட்டால் நிச்சயம் இல்லை. அதுவும் எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தே பேனாவை மூடினேன்.

"மாத்த மாட்டேன் சார்."

இவ்வளவு சத்தமாக நான் எங்கேயும் பேசியதில்லை. ஷெட்டில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவருக்குக் கோபம் வரவில்லை, சலிப்பு வந்தது. உங்கள் நல்லதுக்குத்தானே சொல்கிறேன் என்றார். வாயால் சொல்ல என்னால் முடியாது என்று எனக்குத் தெரியும். அதனால் பழைய தாள்களையே என் பக்கம் இழுத்துக்கொண்டேன். மறுபடியும் பேனாவைத் திறந்து, முதல் தாளின் பின்பக்கத்தில் எழுதினேன். லோயர் கேம்பில் தண்ணீர் திறந்தால் ஆறு எப்படி வருமோ அதற்குப் பெயர் ஆங்காரம். அடுத்த தாளைத் திருப்பினேன். தென்னம்பாளை எரிவதை எழுதினேன். இன்னொன்றில், கைக்குழந்தை பசித்து அழுவதை. அது அரைகுறையாக அழாது, உள்ளங்கால் வரைக்கும் சேர்த்து அழும். கவாத்து வெட்டின பிறகு கொடியில் தளிர் கிளம்புமே, அதை ஒன்றில். சாமியை ஒன்றில். மடை மேல் மண்வெட்டியை ஊன்றி நின்றதை எழுதினேன். எட்டாவது தாளுக்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை. மூன்று தாளில் மழை நாளையே எழுதினேன், மதினி தண்ணீர் குடிக்காதது, முந்தானையை இறுக்கியது, கடைசிப் பெட்டி. தோளைப் பற்றி எழுதவில்லை.

மேனேஜர் என்னைத் தடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார். கொடுத்ததும் ஒவ்வொன்றாகப் படித்தார். சாமி எழுதின தாளைக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு, காலையில் டிரைவர், சார் இன்றைக்கு வெயில் ஆங்காரமாக அடிக்கிறது, தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்றான், வெயிலைக்கூடத் திட்டுகிறானே என்று நினைத்தேன் என்றார்.

நான் எழுந்துகொண்டேன். அவர் தாள்களைத் தட்டி அடுக்கிக்கொண்டே, இதை இப்படியேதான் படம் எடுத்து அனுப்ப வேண்டும், இரண்டு பக்கமும் அனுப்புகிறேன், அங்கே என்ன சொல்வார்கள் என்று என்னால் சொல்ல முடியாது என்றார். பிறகு, "நீங்க பேசவே மாட்டீங்கன்னு சொன்னாங்களேம்மா" என்றார்.

"பேசலையே சார். எழுதத்தானே செஞ்சேன்" என்றேன்.

பந்தலுக்குத் திரும்பினபோது மதினியைத் தவிரப் பத்துப் பேரும் வெட்டுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். மதினி அதற்குள் அவர்களோடு பேசிவிட்டார் என்று முகங்களைப் பார்த்தாலே தெரிந்தது. பெரியம்மா, நான் சொன்ன சொல்லால்தான் இவ்வளவும் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மதினி கத்தரிக்கோலை இறக்காமல் கேட்டார். "கையப் பத்திச் சொன்னியா?"

இல்லை என்றேன்.

"மாத்தச் சொன்னாகளா?"

சொன்னார்கள், மாற்றவில்லை, மாற்றியிருந்தால் வேலை நிச்சயம் கிடைத்திருக்கும் என்றேன். ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும் என்றிருந்தது. உங்களைக் கேட்காமல் செய்துவிட்டேன் மதினி, திட்டுவதாக இருந்தால் திட்டுங்கள் என்றேன்.

மதினி கொத்தை அறுத்துப் பெட்டியில் வைத்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏத்தா, ஒங்கப்பன் பொய் சொல்லியில்ல உன்னக் கட்டிக் கொடுத்திருக்காரு" என்றார்.

மூன்று பேர் சிரித்தார்கள். பெரியம்மா மூக்கைச் சிந்தினார். நான் என் வரிசைக்குப் போய்க் கையை மேலே தூக்கினேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஷெட் சுவரில் பட்டியல் ஒட்டினார்கள். எங்கள் குழுவுக்கு நேரே மதினி பெயர் இருந்தது, இனிஷியல் தப்பாக இருந்தது. மதினி கத்தரிக்கோலை என்னிடம் கொடுத்துவிட்டு நோட்டு வாங்கப் போனார். அன்று நாங்கள் தெற்குப் பந்தலில் வெட்டினோம், மழை இல்லை.